பாயைப் படம் பிடிக்க முதல் சுருட்டிப் பாருங்கள்: பொதி வடிவமைப்புக்குப் புதிதாக வருபவர்களுக்கு

முதலாம் வருடத்தில் எங்களுக்குக் கொடுத்த பயிற்சி, சொந்த ஊர்ப் பண்டம் ஒன்றுக்குப் பொதி செய்துகொண்டு வர வேண்டும் என்பது. மட்டக்களப்புக்காரி நான், மாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டுகிற எண்ணெய்ப் பலகாரமான தொதலைப் பிடித்துக்கொண்டேன். காத்தான்குடிக் கடையொன்றில் வாங்கிய பன்பாயின் (பன் புல்லில் இழைத்த பாய்) கோலத்தைப் படம் பிடித்து, கணினியில் கோடு கோடாக வரைந்து, மண்ணிறக் கிராஃப்ட் அட்டையில் அச்சடித்துப் பெட்டி மடித்தேன். பார்த்தவர்கள் எல்லாரும் நல்ல வடிவு என்றார்கள். அன்றிரவே ஒரு பெரிய துண்டுத் தொதலை உள்ளே வைத்து, பெட்டியை மடியில் வைத்தபடி கொழும்பு ரயிலில் ஏறினேன். விடிந்து பார்த்தால் பெட்டியின் அடி தேங்காயெண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. கோலம் கரைந்து என் பாவாடையில் ஏறியிருந்தது.

அதை அப்படியே கொண்டுபோய் விரிவுரையாளர் முன்னால் வைத்தேன். எண்ணெயைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை.

"பாயிலிருந்து என்னத்தை எடுத்தாய்?"

"கோலத்தை, சேர்."

"பாய் என்ன வேலை செய்யும்?"

"படுக்கலாம்."

"அவ்வளவுதானா?"

வீட்டுக்கு வந்து அதே பாயை விரித்து அதில் உட்கார்ந்து யோசித்தேன். பாய் காற்றை விடும். உதறினால் மணல் உதிரும். ஒரு பக்கமாகச் சுருளும், மறுபக்கம் மடித்தால் முறியும். சுருட்டி மூலையில் நிறுத்தினால் இடம் எடுக்காது. இதில் ஒன்றுகூட என் பெட்டியில் இல்லை. பாயின் முகத்தை மட்டும் கொண்டுபோய் அட்டையில் ஒட்டியிருக்கிறேன்.

ஊர்ப் பொதிகள் செய்கிற வேலையைப் படித்துப் புதுப் பொதிக்குக் கொண்டுவர, அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட வழியைத்தான் கீழே எழுதுகிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருக்கிறவர்கள் பெரிய செலவில்லாமல் செய்யலாம். ஒரு கொப்பி, பென்சில், அடிமட்டம், கட்டர், போன், நாலைந்து சனிக்கிழமைகள் இருந்தால் போதும்.

1. வாங்கிச் சாப்பிடுங்கள்

கைப்பணிக் கடைக்கு முதலில் போக வேண்டாம். அங்கே இருக்கிற ஓலைப்பெட்டிகளில் பல அலுமாரியில் வைப்பதற்காக இழைத்தவை. சாயம் தூக்கலாக இருக்கும், மூடி சும்மா பேருக்கு இருக்கும். உழைக்கிற பொதிகளைப் பார்க்க வேண்டுமென்றால் சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் போங்கள். பசியோடு போங்கள்.

நான் முதல் வாரத்தில் சேர்த்தவை இவை: வாழையிலையில் கட்டிய சோத்துப் பார்சல் ஒன்று, எருமைத் தயிர்ச் சட்டி ஒன்று, கல்லடிக் கடற்கரையில் வாங்கிய கச்சான் கடலைச் சுருள், களுதாவளை வெற்றிலை, அம்பாறை நகரத்தில் சிங்கள அம்மா ஒருவர் விற்ற ஹலப என்ற இலைப் பலகாரம், பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் ஒட்டிய வடைப் பை. அந்த வடைப் பை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏதோ ஒரு பிள்ளையின் பெருக்கல் கணக்கு, ஐந்தில் மூன்று பிழை, ஓரத்தில் சிவப்பு மையில் "கவனம்" என்று எழுதியிருக்கிறது. உளுந்து வடையின் எண்ணெய் அந்தச் "கவனம்" மேலேயே வட்டமாகப் படர்ந்திருக்கிறது.

சாப்பிட்டு முடிந்ததும் உறையை வீச வேண்டாம். கழுவவும் வேண்டாம். எண்ணெய் எங்கே ஊறியது, எங்கே கிழிந்தது, எங்கே கசங்கியது என்று படித்துக்கொள்ள வேண்டியது அந்த அழுக்கில்தான் இருக்கிறது.

2. பிரிக்கிற கையைப் பாருங்கள்

சோத்துப் பார்சலை மேசையில் வைத்து வீட்டில் யாரையாவது பிரிக்கச் சொல்லுங்கள். வயல் வேலைக்குப் போய்ப் பழகியவராக இருந்தால் இன்னும் நல்லது. மேலிருந்து போனில் வீடியோ எடுங்கள், முகம் வேண்டாம், கை மட்டும் போதும்.

பிறகு வீடியோவைப் பின்னாலிருந்து முன்னுக்கு ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டு நீளக் கரையையும் மேலே சேர்த்துப் பிடித்து, இரண்டு தரம் சேர்த்து மடித்துக் கீழே அமத்துகிறார்கள். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரு நுனியையும் அடிக்குள் தள்ளுகிறார்கள். பசை இல்லை, ஊசி இல்லை, சில வேளை நூல்கூட இல்லை. அடியில் போன நுனியை அமத்திப் பிடிப்பது உள்ளே இருக்கிற சோறு. அந்தப் பாரம்தான் பூட்டு. சாப்பாடு இருக்கும் வரைக்கும் பொதி அவிழாது.

பிரித்தால் அதுவே தட்டு. வயல் வரம்பில் சாப்பிட்டு முடிந்தால் அதுவே மாட்டுக்குத் தீன். ஒரே இலைக்கு மூன்று உத்தியோகம்.

இந்த இடத்தில் லஞ்ச் ஷீட்டைப் பற்றியும் ஒரு சொல். வாழையிலையின் இடத்தை அந்த மெல்லிய பொலித்தீன் தாள் பிடித்துக்கொண்டிருந்தது. 2017 செப்டெம்பர் 1ஆம் திகதியிலிருந்து இலங்கையில் அதைத் தடை செய்தார்கள், ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டியையும் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனையும் சேர்த்து. எனக்குச் சுவையாகப் படுவது சட்டம் அல்ல. லஞ்ச் ஷீட்டில் கட்டிய பார்சலையும் கடைக்காரர் இலை மடிக்கிற மாதிரியேதான் மடித்தார். பொலித்தீன் இலை மாதிரி நரம்பு வழியே பிளக்காது, அதற்கு அப்படி மடிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் கை இலையை மறக்கவில்லை. ஒரு மடிப்பு எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்று இதில் தெரிந்துகொண்டேன்.

கொப்பியில் மடிப்புகளை இலக்கமிட்டு வரையுங்கள். அம்புக்குறி போடுங்கள். வடிவாக இருக்க வேண்டியதில்லை, தங்கச்சியிடம் கொடுத்தால் அவளும் அதைப் பார்த்து மடிக்கக்கூடியதாக இருந்தால் சரி.

3. இலையை இலையாகப் படியுங்கள்

இங்கே அவசரப்பட வேண்டாம். என் முதல் மூன்று மாதமும் இதிலேதான் போனது.

வாழையிலையின் நரம்புகள் நடுத்தண்டிலிருந்து கரைப்பக்கமாக, ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஓடுகின்றன. கிழிந்தால் அந்த வழியேதான் கிழியும். காற்றடித்த வாழையைப் பாருங்கள், சீப்பு மாதிரி நிற்கும். ஆகவே நரம்புக்குக் குறுக்கே மடித்தால் தாங்கும், நரம்போடு சேர்த்து மடித்தால் மடித்த இடமே பிளந்துவிடும். இரண்டு துண்டை ஒன்றன் மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகப் போடுவது இதற்காகத்தான். ஒன்றின் பலவீனத்தை மற்றது மறைக்கும். ஒட்டுப்பலகை செய்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

பச்சை இலையை அப்படியே மடித்தால் எப்படிக் குறுக்கே போட்டாலும் உடையும். வாட்ட வேண்டும். தணலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். மங்கிய பச்சை, நெருப்புப் பட்ட இடத்தில் கரும்பச்சையாக மாறி மினுங்கிக்கொண்டு வரும். மேலே இருக்கிற மெழுகு இளகுகிறது, இலை தளர்கிறது. அந்த மினுக்கம் இலை முழுக்க ஓடிவிட்டால் எடுத்துவிட வேண்டும். இன்னும் இரண்டு நொடி வைத்தால் ஓரம் மொறுமொறுத்துப் போகும். நடுத்தண்டை முழுவதும் வெட்டாமல், கத்தியால் சீவி இலையின் கனத்துக்குக் கொண்டுவாருங்கள். அது முதுகெலும்பு மாதிரி, பொதிக்கு ஒரு நேர் பிடி கொடுக்கும். ஒரு ஆளின் சாப்பாட்டுக்கு நான் 14 அங்குலத்துக்கு 16 அங்குலம் வெட்டுகிறேன். எங்கள் ஊர்ச் சாப்பாட்டு அளவுக்கு அது சரி, உங்கள் வீட்டில் கூடக்குறைய இருக்கலாம்.

தாமரையிலை வேறு சாதி. நரம்புகள் நடுவிலிருந்து கதிர் மாதிரி எல்லாப் பக்கமும் ஓடுகின்றன. எந்தத் திசையில் மடித்தாலும் ஒரே வழியில் பிளந்துகொண்டு போகாது. குளம் குட்டை நிறைந்த எங்கள் மாவட்டங்களில் கோயில் அன்னதானத்துக்கு அது கைகொடுப்பதில் வியப்பில்லை. தாமரையிலைத் தண்ணீர் மாதிரி என்று வாயால் சொல்லிப் பழகியிருப்போம், ஒருமுறை உண்மையிலேயே துளி விட்டுப் பாருங்கள். மேற்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுகளும் அவற்றின் மேல் மெழுகும் இருப்பதால் துளி உருண்டு ஓடும். திருப்பிப் போட்டால் அந்த வித்தை நடக்காது. எனவே சாப்பாடு எந்தப் பக்கம் என்று தீர்மானித்துக்கொண்டே மடிக்க வேண்டும். காய்ந்தால் நொறுங்கும் என்பது அதன் குறை. அன்றைக்குக் கட்டி அன்றைக்கே சாப்பிட வேண்டிய உறை.

தேக்கிலை பெரியது, சொரசொரப்பானது, பலமானது. ஆனால் இளந்தேக்கிலையைக் கசக்கினால் விரல் சிவக்கும். இறைச்சி சுற்றலாம், வெள்ளைச் சோறு கட்டினால் சோறும் சிவந்து வரும்.

பலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தினால் கூழ் குடிக்கிற கரண்டி. ஹலபவில் இன்னொரு விசயம் இருக்கிறது. குரக்கன் மாவும் தேங்காய்ப்பூவும் பாணியும் சேர்ந்த களியை கெந்த என்ற மரத்தின் இலையில் வைத்து, இலையை இரண்டாக மடித்து அவிக்கிறார்கள். இலை அங்கே அச்சு, ஆவிக்கு மூடி, கையில் பிடிக்கிற உறை. கூடவே அதன் வாசமும் மாவில் இறங்குகிறது. உறையே சரக்கும் ஆகிறது. கடதாசியில் இதைச் செய்யவே முடியாது. சில பாடங்கள் கொண்டுவர முடியாதவை என்று ஒத்துக்கொள்வதும் படிப்புத்தான்.

4. இழைக்கிறவரிடம் போய் இருங்கள்

வாகரைப் பக்கம் பனையோலையில் பெட்டி இழைக்கிற ஒரு பெத்தாவிடம்தான் (எங்கள் பக்கத்தில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம்) நான் போனேன். முதல் நாள் கெமராவைத் தூக்கிக்கொண்டு போய், "இந்தக் கோலத்துக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். அவ என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "அர்த்தமெண்டா? வடிவா இரிக்கும் எண்டு போடுறதுதான் புள்ள" என்றா. அதோடு பேச்சு முடிந்தது.

அடுத்த தடவை வெற்றிலை பாக்கோடு, வெறுங்கையாகப் போனேன். கெமரா இல்லை. கேட்ட கேள்வியும் வேறு: "பிழைச்சா என்ன செய்வீங்க பெத்தா?" அன்றைக்கு மத்தியானம் வரை பேசினா. கைத்தொழில் செய்கிறவரிடம் அழகைப் பற்றிக் கேட்டால் ஒரு வரி கிடைக்கும், பிழையைப் பற்றிக் கேட்டால் ஒரு கொப்பி நிறையும்.

அவவின் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல பெட்டிக்குக் குருத்தோலை, முரட்டுச் சாமானுக்குச் சார்வோலை. காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமாக வார்ந்தெடுக்க வேண்டும். இழைக்கும்போது ஓலையில் ஈரப்பதம் இருக்க வேண்டும், அதனால் விடியக்காலைக் குளிரில் வேலை நடக்கும். வெயில் ஏறினால் தண்ணீர் தெளித்துத் துணியால் மூடிவைப்பா. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பத்து மணிக்கே ஓலை முறியத் தொடங்கிவிடும் என்றா. (வெளியூரார் குழம்ப வேண்டாம். எங்களுக்குக் கச்சான் என்றால் உள்நாட்டுப் பக்கமிருந்து வரும் வறண்ட சூட்டுக் காற்று, சுருளில் வாங்கிக் கொறிக்கிற கடலையும் கச்சான்தான்.)

மூடி எப்படி இவ்வளவு சரியாக ஏறுகிறது என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது ஏதோ அளவு. அவ சொன்னது எண்ணிக்கை.

"அடிக்கு எத்தின ஓல வச்சனோ, மூடிக்கு அதில ரெண்டு கூட. கூடிச்செண்டா கழண்டு விழும், கொறஞ்செண்டா ஏறாது."

நான் இழைத்த மூடி ஏறவில்லை. என் விரல் இறுக்கம் வேறு, அவவின் இறுக்கம் வேறு. தூக்கிப் போடப் போனேன். அவ வாங்கி, தண்ணீரில் தோய்த்து, பெட்டியின் மேலே வைத்து உள்ளங்கையால் அமத்தி, திண்ணையில் வைத்தா. "இண்டைக்கு விடு. காயட்டும். மறுகா தானா வழிக்கு வரும்." அடுத்த நாள் மூடி பெட்டியின் உருவத்துக்கே காய்ந்திருந்தது, தட்டினால் கழன்றது, போட்டால் ஏறியது. மில்லிமீற்றர் கணக்கில் நாங்கள் தலையை உடைக்கிற பொருத்தத்தை ஈரமும் வெயிலும் பார்த்துக்கொண்டன.

நடைமுறையாகச் சில விசயம். சாணும் விரலுமாக அவர்கள் சொல்கிற அளவை அப்படியே எழுதுங்கள், பிறகு அவர்களின் சாணை அடிமட்டத்தில் அளந்து பக்கத்தில் குறியுங்கள். உங்கள் சாண் வேறாக இருக்கும். படம் எடுக்க முதல் கேளுங்கள். அரை நாள் அவர்களின் வேலையைக் கெடுத்தால் அரை நாள் கூலியைக் கொடுங்கள், "நாங்க ஸ்டூடன்ட்ஸ்தானே" என்று தலையைச் சொறிய வேண்டாம். பன்பாய் இழைக்கிற முஸ்லிம் பெண்களிடம் போகும்போது வீட்டுக்குள்ளே போக வேண்டிவரும். பெடியன்கள் தங்கச்சியையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போவது நல்லது. ராத்தா (அக்கா) என்று கூப்பிட்டுப் பேசினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மருதமுனைக் கைத்தறிப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். அங்கே பொதிக்கு நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனால் கழித்துவிடும் நூல் துண்டுகள் கட்டுக்கயிறுக்கு உதவும், நிறச்சேர்க்கையில் கண்ணும் பழகும்.

5. தயிர்ச்சட்டியோடு ஒரு நாள்

தயிர்ச் சட்டியைத் திறந்து, மேலே கட்டியிருக்கிற கடதாசியை எடுத்து, சட்டியின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். குளிராகவும் கொஞ்சம் ஈரமாகவும் இருக்கும். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. தயிரிலுள்ள தண்ணீரைச் சட்டி குடிக்கிறது, அதனால் தயிர் கத்தியால் வெட்டுகிற பதத்துக்கு இறுகுகிறது. குடித்த தண்ணீர் வெளிப்பக்கத்தால் ஆவியாகப் போகும்போது சூட்டையும் கொண்டுபோகிறது. பிளாஸ்டிக் கோப்பைத் தயிரில் மேலே தண்ணீர் நிற்பதற்குக் காரணம் அந்தக் கோப்பை ஒன்றையும் குடிக்காததுதான்.

எங்கள் பாடப்புத்தகங்களில் பொதியின் வேலை உள்ளே இருப்பதை அடைத்துக் காப்பது என்று இருக்கும். சட்டியும் பாயும் ஓலைப்பெட்டியும் பாதியை விட்டுத்தான் பாதியைக் காக்கின்றன. நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு பழைய பொதியிலும் எது வெளியே போகிறது என்று தேடுங்கள்.

ஒன்றின் வாய்மேல் மற்றதன் அடி உட்காருகிற மாதிரிச் சட்டிகளை அடுக்கும் முறையையும், கழுத்தைச் சுற்றிய கயிற்றில் தூக்கும் முறையையும் வரைந்துகொள்ளுங்கள். உறி என்று வீடுகளில் தொங்கியதும் இந்தக் கயிற்றுக் குடும்பம்தான். தயிர் முடிந்த பிறகு சட்டிக்கு என்ன ஆகிறது என்றும் நாலு வீட்டில் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒன்றில் கற்றாழை, ஒன்றில் கோழிக்குத் தண்ணீர்.

6. கொப்பியில் ஒரு பக்கம்

ஒரு பொதிக்கு ஒரு பக்கம். எதை வெளியே விடுகிறது, எதை உள்ளே விடாது, எதால் பூட்டுகிறது, எப்படித் தூக்குவது, காலியானதும் என்ன ஆகும். ஐந்துக்கும் பதில் எழுதுங்கள்.

யாழ்ப்பாணப் பக்கத்துப் பனங்கட்டிக் குட்டானை உதாரணமாக எடுத்தால், காய்ச்சிய பாகைச் சின்ன ஓலைக் குட்டானுக்குள் ஊற்றி இறுக விடுகிறார்கள். அச்சும் உறையும் ஒன்று, அளவும் அதுவே. ஜப்பானில் ஐந்து முட்டையை வைக்கோலில் வரிசையாகக் கட்டித் தூக்கிய பழைய முறையை வடிவமைப்பு படிக்கிறவர்கள் எல்லாருக்கும் காட்டுவார்கள். நல்ல முறைதான். ஆனால் அதே ஐந்து கேள்வியோடு அம்பாறை வயற்காட்டில் வைக்கோலை வைத்து மக்கள் என்னவெல்லாம் சுற்றுகிறார்கள் என்று பாருங்கள், கொப்பி நிறையும்.

7. கடதாசிக்குக் கொண்டுவருவது

வாழையிலைக்கு நரம்பு மாதிரி கடதாசிக்கும் ஓட்டம் உண்டு. இயந்திரத்தில் கடதாசி ஓடுகிற திசையிலேயே பெரும்பாலான நார்கள் படுத்துவிடுகின்றன. அந்த ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும், குறுக்கே மடித்தால் மடித்த விளிம்பு வெடித்து வெள்ளை தெரியும். ஆக வாழையிலையில் படித்ததை இங்கே தலைகீழாகப் போட வேண்டும். இலை நரம்போடு மடித்தால் பிளக்கும், அட்டை ஓட்டத்தோடு மடித்தால்தான் அழகாக மடியும். நான் இதை அறியாமல் இலையின் விதியை அப்படியே அட்டைக்குப் போட்டு ஒரு கிழமையைத் தொலைத்தேன்.

ஓட்டத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு சதுரத் துண்டை வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் ஈரமாக்குங்கள். குழாய் மாதிரிச் சுருளும். குழாய் நீட்டிக்கொண்டிருக்கிற திசைதான் ஓட்டம். அட்டையின் மூலையில் பென்சிலால் அம்புக்குறி போட்டுவிட்டே வெட்டத் தொடங்குங்கள்.

1956இல் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை நெல் வைக்கோலிலிருந்தும் கடதாசி செய்த இடம். வைக்கோல் நார் குட்டை, அதனால் தாள் விறைப்பாக, கரகரவென்று இருக்கும், சீக்கிரம் கிழியும். பழைய கொப்பிகள் யாராவது வீட்டில் இருந்தால் கேட்டு வாங்கி ஒரு தாளை மடித்துப் பாருங்கள், நாரின் நீளம் விரலுக்குப் புரியும்.

வடிவத்துக்கு வருவோம். நீங்கள் எடுத்த பொதியில் ஒரே ஒரு வேலையைத் தெரிந்தெடுங்கள். எனக்குக் கிடைத்தது "பாரமே பூட்டு". அதை மட்டும் வைத்து, பசையில்லாமல் ஒரே துண்டு அட்டையில், இரு நுனியும் அடிக்குள் போகிற மாதிரி மடித்தேன். பதினோராவது மாதிரிதான் நின்றது. முதல் பத்தையும் வெறும் பழைய நாட்காட்டித் தாளில் செய்தேன், நல்ல அட்டையைத் தொடவேயில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

8. ராத்திரியில் சோதியுங்கள்

தொதலை நாலு துண்டாக வெட்டி நாலு உறையில் வைத்தேன்: வெறும் கிராஃப்ட் தாள், பட்டர் பேப்பர், வாழைச்சருகு, வாட்டிய வாழையிலை. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு வெள்ளைத் தாள். காலையில் கிராஃப்டின் அடியில் உள்ளங்கையளவு எண்ணெய் வட்டம். சருகில் மடித்த இடங்களில் மட்டும் கோடாக ஊறியிருந்தது. பட்டர் பேப்பரிலும் வாட்டிய இலையிலும் வெள்ளைத் தாள் வெள்ளையாகவே இருந்தது. வென்றது இலை என்று குதித்தேன். மூன்றாம் நாள் இலை கறுத்து, மடிப்புக்குள் வெள்ளையாகப் பூசணம் பிடிக்கத் தொடங்கியிருந்தது. பட்டர் பேப்பர் அப்படியே இருந்தது.

ஆகவே ஊருக்குள் அன்றன்றைக்கு விற்கிற தொதலுக்கு இலை, கொழும்புக்கு அனுப்புவதற்குப் பட்டர் பேப்பர் என்று எழுதிவைத்தேன். பாரம்பரியம் என்பதற்காக எல்லா இடத்திலும் இலையைத் திணிக்கிற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தொதலுக்கும் நல்லதில்லை, இலைக்கும் நல்லதில்லை.

வேறு சோதனைகள்: பொதியைப் பையில் போட்டு ஒரு தரம் நின்றுகொண்டே பஸ்ஸில் போய் வாருங்கள். ஒரு இரவு குசினியில் வையுங்கள், எறும்பு வழி கண்டுபிடித்தால் எந்த மூலையால் என்று பாருங்கள். மாரியில் ஒரு தரம், கச்சான் காற்றில் ஒரு தரம் சோதியுங்கள். மாரியில் அட்டை தளர்ந்து மடிப்பு விரியும், கச்சானில் ஓலை முறியும். ஒரு பருவத்தில் மட்டும் சோதித்த பொதியை நம்பி ஆயிரம் அச்சடிக்க வேண்டாம்.

9. சாப்பாடு படுகிற இடத்தில்

அச்சடித்த பத்திரிகையும் எழுதிய கொப்பித் தாளும் சாப்பாட்டில் படக்கூடாது. என் வடைப் பையில் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் அது அருங்காட்சிப் பொருள், முன்மாதிரி அல்ல. ஸ்டேப்ளர் ஊசி வேண்டாம், ஈர்க்கோ வாழைநாரோ போதும். பாய்க்கும் பெட்டிக்கும் போடுகிற சாயத்தூள் உணவுக்கானது அல்ல. சாயமிட்ட ஓலை வெளிப்பக்கம் மட்டும், உள்ளே வெறும் ஓலை அல்லது இலை. பறித்த இலையைக் கழுவித் துடைத்துவிட்டே வாட்டுங்கள்.

10. பெயரும் பணமும்

ஒருவரின் கையிலிருந்து படித்ததை வைத்துப் பெட்டி செய்து விற்கத் தொடங்கினால், யாரிடம் படித்தீர்கள் என்று அவர்களின் சம்மதத்தோடு எழுதுங்கள். பெயர் போட வேண்டாம் என்பார்கள் சிலர், ஊரையாவது போடுங்கள். ஓலை வேலை தேவைப்பட்டால் அவர்களுக்கே ஓடர் கொடுங்கள், பேரம் பேசாமல். "இன்ஸ்பிரேஷன்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு மூன்று நாள் வேலையைச் சும்மா வாங்கிப் போன ஒருத்தரைப் பற்றிப் பெத்தா சொன்னா. அவவுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை, "ஏதோ ஒரு ஷன் எண்டான்" என்றா.

பதினோராவது மாதிரியை, உள்ளே தொதலோடு, அவவிடம்தான் முதலில் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தா. அடியில் போன நுனியை நகத்தால் நெம்பிப் பார்த்தா, அது அசையவில்லை. திறந்து ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டா. பிறகு வெறும் பெட்டியைக் கையில் தூக்கி நிறை பார்க்கிற மாதிரி ஆட்டினா. பாரம் போனதும் நுனிகள் இரண்டும் விரிந்து தொங்கின.

"தொதல் நல்லா இரிக்கு. பெட்டியும் பறவாயில்ல. அதுசரி, தொதல் முடிஞ்செண்டா மறுகா இதுக்குள்ள என்னத்தப் போடுற?"

இப்போது பன்னிரண்டாவதை மடித்துக்கொண்டிருக்கிறேன்.